பலகாரத் தட்டு போன தெருக்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்களில், பங்காளி வகையில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அந்த ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது. பொங்கலுக்குப் புதுப்பானை வராது. வாசலில் செம்மண் கட்டிய பெரிய கோலமும் இருக்காது. தெரு முழுக்க முறுக்கு வேகும் வாசனை அடிக்கும்போது அந்த வீட்டு அடுப்பில் மட்டும் வழக்கமான சோறும் குழம்பும் கொதிக்கும். ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் பலகாரம் இல்லாமல் தீபாவளியைக் கழிக்க அக்கம்பக்கத்தார் விட்டதில்லை. நன்றாக விடிவதற்குள் எதிர்வீட்டுத் தட்டு ஒன்று வந்துவிடும். பின்னாலேயே பக்கத்து வீட்டுச் சம்படம். “உங்களுக்கு இந்த வருஷம் இல்லைன்னு அம்மா முதல்லயே எடுத்து வச்சாங்க” என்று சொல்லி நீட்டிவிட்டு ஓடும் ஒரு பிள்ளை.

தட்டு வந்தால் வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எல்லா வீட்டுக்கும் பொதுவான விதி. கொடுத்தனுப்பப் பலகாரம் இல்லையென்றாலும் ஒரு பிடி சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ, வெற்றிலை பாக்கோ வைத்துத்தான் தட்டு திரும்பும். அந்த விதியிலிருந்து விலக்குப் பெற்றது துக்க வீடு ஒன்றுதான். அங்கிருந்து எதுவும் திரும்பி வரவேண்டியதில்லை. யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

இந்த வழக்கத்தை எந்த அரசனும் உத்தரவிட்டு ஏற்படுத்தவில்லை. எந்தக் கல்வெட்டிலும் அதற்கு நேரடிச் சான்று கிடையாது. வீட்டுப் பெண்கள் பார்த்து நடத்திய காரியம் என்பதால் ஆவணம் எழுதியவர்களின் கண்ணில் அது பட்டதே இல்லை. ஆனாலும் அதற்கு வரலாறு உண்டு. தட்டு யார் வீட்டுக்குப் போனது, யார் வீட்டுக்குப் போகவில்லை, எப்போதிலிருந்து போகத் தொடங்கியது என்று பார்த்தால், தமிழர்கள் யாரைத் தங்கள் அண்டை வீட்டாராக எண்ணினார்கள் என்ற கதை முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

அக்கம்பக்கத்தில் உணவுப்பொருள் கைமாறுவது சங்க காலத்திலேயே வழக்கத்தில் இருந்தது. முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய புலவர் பெருஞ்சித்திரனார், அந்தச் செல்வத்தை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்கிறார். புறநானூற்றின் 163ஆம் பாட்டு அது. அவர் சொல்லும் பட்டியலில் உறவினர் இருக்கிறார்கள், அவளிடம் அன்பு கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு, குடும்பம் பசியில் கிடந்தபோது குறியெதிர்ப்பை கொடுத்து உதவியவர்களும் இருக்கிறார்கள். குறியெதிர்ப்பை என்பது வாங்கிய அளவையே அளந்து திருப்பித் தரும் கைமாற்று. இன்று ஒரு படி அரிசி வாங்கினால் நாளை ஒரு படி அரிசி. திருக்குறளின் ஈகை அதிகாரமும் இந்தக் கைமாற்றைக் குறிப்பிடுகிறது. ஆனால் அதை ஈகையாக ஏற்கவில்லை. திரும்பக் கொடுக்க வழியில்லாத வறியவருக்குக் கொடுப்பதையே ஈகை என்கிறார் வள்ளுவர். பண்டிகைத் தட்டில் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. சாதாரண வீட்டுக்குப் போகும்போது அது கைமாற்று. துக்க வீட்டுக்குப் போகும்போது ஈகை.

பலகாரங்களைப் பொறுத்தவரை சான்று நிறையவே இருக்கிறது, கோயில்களில். விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அப்பப் படி, அதிரசப் படி, வடைப் படி, சுகியன் படி, தோசைப் படி, இட்டலிப் படி என்று நைவேத்தியங்கள் வரிசையாக வருகின்றன. எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு சர்க்கரை என்ற அளவும் கூடவே பொறிக்கப்பட்டிருக்கிறது. கட்டளைக்குப் பணமோ நிலமோ கொடுத்தவருக்கு அந்தப் பிரசாதத்தில் ஒரு பங்கு உண்டு. ‘விட்டவன் விழுக்காடு’ என்று அதற்குப் பெயர்; பெரும்பாலும் நாலில் ஒரு பங்கு. படைத்ததில் ஒரு பகுதி கொடுத்தவன் கைக்கு வந்து, அவன் வழியாக மற்றவர்களுக்குப் போகும் ஏற்பாடு கோயிலில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருந்திருக்கிறது. வீட்டுப் படையலில் கொஞ்சம் எடுத்துத் தெருவுக்குக் கொடுத்தனுப்புவது அதன் சிறிய வடிவம் என்று கொள்வதில் தவறில்லை.

தீபாவளி தமிழகத்தின் மிகப் பழைய பண்டிகை அல்ல. சங்கப் பாட்டுகளில் கார்த்திகை விளக்கு வருகிறது, தீபாவளி வரவில்லை. விஜயநகர, நாயக்கர் ஆட்சிகளில்தான் அது இங்கே பரவி வேரூன்றியது. அதன் பிறகும் பெருவாரியான கிராமங்களில் அது பட்டாசும் பலகாரமுமாக இருக்கவில்லை. கம்பும் சோளமும் குதிரைவாலியும் அன்றாடச் சோறாக இருந்த கரிசல் ஊர்களில் தீபாவளி என்றால் இட்லி, தோசை. ஆண்டில் ஒன்றிரண்டு நாள் மட்டும் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு ஆட்டுவார்கள். உரல் இல்லாத வீட்டார் உரல் உள்ள வீட்டுக்கு வந்து விடிய விடிய ஆட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன நாலு இட்லி, பின்னாளில் போன நாலு மைசூர்பாகைவிட மதிப்பில் கூடியது.

பலகாரம் கைமாறுவதற்கு முன்பே உழைப்பு கைமாறியது. இதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அதிரசத்தை எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, வெல்லப் பாகு காய்ச்சி அதில் மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். பாகு இளகியிருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றிவிட்டால் கல்லாகிவிடும். ஒவ்வொரு தெருவிலும் பதம் பார்க்கத் தெரிந்தவர் என்று ஒரு பெண்மணி இருப்பார். பாகு கொதிக்கும் நேரத்துக்கு அவரைக் கூப்பிட்டு வரப் பிள்ளையை அனுப்புவார்கள். அவர் வந்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, “இப்ப இறக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க அவர் தன் வீட்டில் இருந்த நேரம் குறைவு.

கைமுறுக்கும் அப்படித்தான். மாவை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றுவது எல்லாருக்கும் கைவராது. சுற்றத் தெரிந்த கை ஒரு வீட்டிலும் எண்ணெயில் வேகவைக்கும் கை இன்னொரு வீட்டிலும் இருக்கும். இன்று உன் வீட்டில், நாளை என் வீட்டில் என்று முறைவைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பெண்கள் கூடி உட்காருவார்கள். செய்தவர்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு என்பதால், தட்டில் வைத்துக் கொடுப்பதில் பாதி ஏற்கெனவே அவர்களுடைய உழைப்புதான். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்ற புத்தகத்தை வெளியிட்டபோது, அளவும் பதமும் அச்சில் ஏறின. ஊரைவிட்டு வேலைக்குப் போன கணவனோடு பம்பாயிலும் டில்லியிலும் குடித்தனம் வைத்த இளம்பெண்களுக்கு அது பெரிய உதவி. பதம் பார்க்க எதிர்வீட்டு மாமி இல்லாத இடத்தில் அந்தப் புத்தகம் மாமியாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பழக்கம் ஒரு கடுமையான சோதனையைச் சந்தித்தது. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரவு நின்றது. 1943இல் சென்னையில் ரேஷன் வந்தது. அரிசியும் சர்க்கரையும் அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்டன. போர் முடிந்தும் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1952இல் முதலமைச்சராக வந்த ராஜாஜிதான் சென்னை மாநிலத்தில் அதை விலக்கினார். கிட்டத்தட்ட பத்துத் தீபாவளிகள் அளந்த அரிசியில் நடந்தன.

அந்த ஆண்டுகளில் தட்டு நின்றுவிடவில்லை; சிறுத்தது. சர்க்கரை கிடைக்காதபோது வெல்லத்தையும் கருப்பட்டியையும் நம்பினார்கள். நெய்யின் இடத்தை வனஸ்பதி பிடித்தது. 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்த டால்டா அடுத்த இருபது ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களின் பண்டிகை அடுப்புக்குள் நுழைந்துவிட்டது. டால்டா தீர்ந்த தகர டப்பா முறுக்கு டப்பாவாக மாறி, அதுவும் தீர்ந்தபின் துளசிச் செடிக்குத் தொட்டியானது. நெய்யைப் போற்றியவர்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் நெய் வாங்க முடியாத வீடுகளும் தட்டு அனுப்பும் வரிசையில் சேர்ந்தது அந்த டப்பாவால்தான்.

தட்டு மிக வேகமாகச் சுற்றிய இடம் சென்னையின் ஒண்டுக் குடித்தனங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு குடும்பங்கள். ஒரு குழாய், ஒரு கிணறு, முறைவைத்துக் குளியல். தீபாவளி விடியலில் கங்கா ஸ்நானம் முடித்து, லேகியம் தின்று, புதுத்துணி உடுத்திய பிள்ளைகளுக்கு அடுத்த வேலை தட்டு தூக்குவது. ஒரு தட்டில் எல்லாப் பலகாரத்திலும் ஒவ்வொன்று இருக்க வேண்டும். யாருக்கு எத்தனை என்பதை அம்மா எண்ணி வைத்திருப்பாள். கூடத்தில் இருப்பவருக்கும் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் இருப்பவருக்கும் வேறு வேறு கணக்கு இருந்தால் பத்து நிமிடத்தில் முற்றம் முழுக்கத் தெரிந்துவிடும். பலகாரம் மட்டும் கைமாறவில்லை. 1930களிலிருந்து பத்திரிகைகள் போட்டிபோட்டு வெளியிட்ட தீபாவளி மலர்களும் இதே வழியில் சுற்றின. ஒரு வீட்டார் வாங்கிய மலர் கார்த்திகைக்குள் எல்லாக் குடித்தனமும் படித்து, அட்டை கழன்று திரும்பும்.

இத்தனை பாத்திரங்கள் வீடு மாறிப் போனால் அவை திரும்பி வர ஒரு வழி வேண்டுமே. அதற்குத்தான் பெயர் வெட்டுதல். பித்தளைச் சொம்பிலும் வெண்கலப் பானையிலும் உளி முனையால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டும் பழக்கம் முன்பே இருந்தது. எவர்சில்வர் வந்தபிறகு அது ஒரு தொழிலாகப் பெருகியது. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும். எவர்சில்வருக்கு இரண்டும் வேண்டாம். 1950களிலும் 60களிலும் அது வசதியின் அடையாளம். 1981இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியபின் ஏழை வீட்டுக்கும் எட்டியது. பாத்திரக் கடை வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்து, சொல்லும் பெயரை அப்போதே வெட்டிக் கொடுப்பார். பிறகு மின்சாரப் பேனா வந்தது. தலைப்பெழுத்து, பெயர், சில சமயம் ஊர், கல்யாணப் பாத்திரமானால் கொடுத்தவர் பெயரும் தேதியும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை போதும், தட்டை உரிய வீட்டில் சேர்த்துவிடும். பல பாத்திரங்கள் திரும்பாமலே தங்கிவிட்டன. பக்கத்து வீட்டார் மாற்றலாகிப் போயிருப்பார்கள். அவர்கள் தட்டு இங்கேயும் இவர்கள் தூக்கு அங்கேயும் கிடக்கும். இன்றும் பழைய வீட்டுப் பரணை இறக்கினால், குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றாவது கிடைக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் இனிப்பான பகுதி. தட்டு போகாத தெருக்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்க் கிராமத்தில் தெரு என்பது பெரும்பாலும் சாதி. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் தன் சாதிக்காரர் என்றே பொருள். சமைத்த உணவை யார் கையிலிருந்து யார் வாங்கலாம் என்பதை வைத்துத்தான் உயர்வு தாழ்வே அளக்கப்பட்டது. தீபாவளியன்று வண்ணாரும் நாவிதரும் பண்ணையாட்களும் பாத்திரத்தோடு பெரிய வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றார்கள். பலகாரம் அவர்கள் பாத்திரத்தில் விழுந்தது. அதைத் தட்டு என்று சொல்ல முடியாது. தட்டுக்கு உயிரே அது திரும்பி வருவதில் இருக்கிறது. சேரியில் சுட்ட அதிரசம் ஊர்த்தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை; வந்தாலும் வாங்கியிருக்க மாட்டார்கள். நூற்றாண்டுகளாக ஒரே கண்மாய்த் தண்ணீரில் விளைந்த அரிசியைத் தின்ற மக்கள், பண்டிகை நாளில் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை மற்றவர் தொடாமல் இருந்தார்கள். இன்றும் பல ஊர்களில் அந்தக் கோடு அழியவில்லை.

அந்தக் கோட்டினை முதலில் குலைத்தது அறிவுரை அல்ல, வீட்டு ஒதுக்கீடு. 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை திருச்சி பொன்மலைக்கு மாறி, அங்கே பெரிய ரயில்வே குடியிருப்பு எழுந்தது. 1955இல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் என்று அடுத்தடுத்து வந்தன. இங்கெல்லாம் வீடு கிடைத்தது பதவியைப் பொறுத்து; சாதியைப் பொறுத்து அல்ல. ஒரே வரிசையில் தஞ்சாவூர்க்காரரும் மலையாளியும் ஆந்திரக்காரரும், இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் அடுத்தடுத்த கதவுகளில் குடியேறினார்கள். ஊரில் பாட்டி பார்த்தால் அனுமதித்திருக்க மாட்டாள் என்று தெரிந்தே மருமகள்கள் தட்டை அனுப்பினார்கள், வாங்கினார்கள். தமிழகத்தின் பண்டிகைத் தட்டு உண்மையாகவே பொதுவானது இந்த ‘குவார்ட்டர்ஸ்’களில்தான். இதை வேண்டுமென்றே கிராமத்துக்குள் கொண்டுவர நினைத்தது சமத்துவபுரத் திட்டம். மு. கருணாநிதி ஆட்சியில் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று கலந்து ஒதுக்கினார்கள். சிங்கப்பூர் அரசு 1989இல் தன் அடுக்குமாடி வீடுகளில் இனவாரியாக அளவு வைத்ததும் இதே எண்ணத்தில்தான். அங்கே தமிழர் வீட்டுத் தீபாவளி முறுக்கு சீனர் கதவுக்கும் மலாய்க்காரர் கதவுக்கும் போகிறது. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் வருகிறது.

மதம் குறுக்கிட்ட இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் கண்ட வழி மிக நுட்பமானது. கடவுளுக்குப் படைத்ததைத் தின்னலாமா என்ற கேள்வி கிறிஸ்தவர்களுக்கு உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. இந்துப் பெண்கள் அதைத் தெரிந்துகொண்டு, படையல் போடுவதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியாக எடுத்து மூடிவைத்தார்கள். “இது சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததுங்க” என்ற ஒரு வாக்கியத்தோடு அது போகும். கேட்டு வாங்கிய சலுகை அல்ல அது. கேட்பதற்கு முன்பே நினைத்துச் செய்தது. மறுபக்கமும் அப்படியே. பக்ரீத் குர்பானி இறைச்சி தன் வீட்டுக்கு, உற்றார் அண்டையாருக்கு, ஏழைகளுக்கு என்று மூன்று பங்காகப் பிரிக்கப்படும். சைவம் உண்ணும் பக்கத்து வீட்டாருக்கு அதைக் கொடுக்க முடியாது. அவர்களை விட்டுவிடவும் மனம் வராது. அதனால் அரிசி, பருப்பு, காய்கறி, பழம், சர்க்கரை என்று பச்சையாகவே ஒரு தாம்பாளம் போகும். அவர்கள் தங்கள் அடுப்பிலேயே சமைத்துக்கொள்ளட்டும் என்று. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும், பாசிப்பயறு மாவில் முந்திரிக்கொத்தும் செய்கிறார்கள். முட்டை சேர்க்காத வீடு எது என்பது தெருவுக்கே தெரியும். அங்கே கேக் போகாது, முந்திரிக்கொத்து போகும்.

நோன்புக் கஞ்சியைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து நண்பகலிலிருந்து பள்ளிவாசல் அண்டாவில் குழைந்துகொண்டிருக்கும். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குச் சட்டியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. காய்ச்சல்காரருக்கு நல்லது, வயிற்றுக்கு இதம் என்று இந்து வீடுகளிலிருந்தும் தூக்கு போகும். 2001இல் ஜெயலலிதா அரசு இந்தக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கத் தொடங்கியது. அடுத்து வந்த அரசுகளும் தொடர்ந்தன. 2020இல் கொரோனாவால் பள்ளிவாசல்கள் மூடிக்கிடந்தபோது 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டு, கஞ்சி காய்ச்சாமல் அரிசியாகவே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஏற்பாடானது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில் இன்னொரு பழக்கம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் இந்துத் தொண்டர்கள், சைவ உணவு சமைத்து எடுத்துவந்து, நோன்பு திறப்பவர்களுக்குத் தங்கள் கையாலேயே பரிமாறுகிறார்கள். வீடிழந்து வந்த ஒருவர் புது ஊரில் தன் அண்டை வீட்டாரைத் தானே தேடிக்கொண்ட வரலாறு அது.

இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள். கவும், கொக்கிஸ், பால்சோறு, வாழைப்பழம் அடுக்கிய தட்டுகள் துணி போர்த்தி வேலி தாண்டிப் போய்வரும். நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டு வட்டிலப்பம் வரும். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது பல தமிழ்க் குடும்பங்களைச் சிங்கள அண்டை வீட்டார் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். பல தெருக்களில் அது நடக்கவில்லை என்பதும் உண்மை. தட்டுப் பழக்கம் எல்லாரையும் காக்கும் அரண் என்று சொல்ல முடியாது. ஆனால் கதவைத் தட்டலாம் என்ற துணிவு ஒரு மனிதருக்கு எங்கிருந்தோ வர வேண்டியிருக்கிறது.

அண்டை வீட்டார் என்ற எல்லையை மனிதருக்கு அப்பாலும் நீட்டிய ஊர்கள் உண்டு. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரைகளும் மஞ்சள்மூக்கு நாரைகளும் வந்து கூடு கட்டுகின்றன. அவை வந்து தங்கும் நேரமும் தீபாவளியும் ஒன்றாக வரும். வெடிச்சத்தத்தில் பறவைகள் கலைந்துவிடும், குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. 1977இல் அரசு அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தது. இப்போது தீபாவளிக்கு வனத்துறையினர் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தீபாவளியன்று ஒரு சரம்கூட வெடிக்காமல் இருக்கச் சம்மதிக்கும் பிள்ளைகளை வளர்ப்பது சின்னக் காரியம் அல்ல.

அடுப்பிலிருந்து பலகாரம் கடைக்கு நகர்ந்தது மெதுவாகத்தான். கோயம்புத்தூரில் 1948இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் போன்ற கடைகள் வளர்ந்தாலும், 1970கள் வரை கடை இனிப்பை அப்படியே தட்டில் வைத்து அனுப்பக் குடும்பங்கள் கூச்சப்பட்டன. இடையில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது: தீபாவளிச் சீட்டு. தெருவில் நம்பிக்கையான ஒரு பெண்மணி மாதாமாதம் சிறு தொகை வசூலிப்பார். ஐப்பசியில் சர்க்கரை, எண்ணெய், மைதா, பருப்பு, பட்டாசு, ஒரு பாத்திரம் என்று கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். கூலி வேலை செய்யும் வீடும் கௌரவமாகத் தட்டு அனுப்ப முடிந்தது அதனால். ஏமாந்த கதைகளும் உண்டு. ஏமாறாத சீட்டுகள் அதைவிட அதிகம். இன்றைக்கும் சென்னையின் குடிசைப் பகுதிகளில் அது நடக்கிறது.

வேலைக்குப் போகும் பெண்கள் பெருகியபின் எட்டு வகைப் பலகாரத்தை வீட்டிலேயே செய்யச் சொல்வது நியாயமும் இல்லை. அந்தச் சுமை முழுக்க ஒருவர் தோளில் இருந்தது என்பதைப் பழைய தீபாவளியைப் புகழ்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இப்போது அட்டைப் பெட்டி கைமாறுகிறது. 2020 அக்டோபர் முதல் உதிரி இனிப்புகளுக்கும் எதுவரை உண்ணலாம் என்ற தேதியைக் கடையில் காட்ட வேண்டும் என்பது சட்டம். அலுவலகத்திலிருந்து வந்த பெட்டி பிரிக்கப்படாமலே வேறொரு வீட்டுக்குப் போவதும் நடக்கிறது. குறை அட்டைப் பெட்டியில் இல்லை. பெட்டிக்குத் திரும்பும் வழி கிடையாது, அதில் பெயர் வெட்டப்பட்டிருக்காது. யாருக்கு முட்டை ஆகாது, யாருக்குப் படைத்தது ஆகாது என்ற விசாரிப்பு அதற்குத் தேவைப்படுவதில்லை. தட்டு அந்த விசாரிப்பைக் கட்டாயமாக்கியது. அதுதான் அதன் பெரிய நன்மை.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ்ச் சமையல் புத்தகங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அதிரசத்துக்கு எத்தனை பலம் வெல்லம் என்று அவற்றில் பார்க்கலாம். அந்த அதிரசம் எந்தெந்த வீட்டுக்குப் போனது, எந்த ஆண்டு முதல்முறையாக வேறொரு தெருவுக்குப் போனது, அன்று யார் தடுத்தார்கள், யார் மீறினார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைத் தெரிந்தவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த பெண்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வரும் பண்டிகைக்குள் அவர் அருகில் உட்கார்ந்து கேட்டு, தெருப் பெயரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.